பம்பரத்துக்கு எதற்கடா போன்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் பேரன் லீவுக்குப் பென்னலூர் வந்திருந்தான். இரண்டாம் வகுப்பு. கையில் ஒரு பேபிளேடு. கடையில் 80 ரூபாய்க்கு வாங்கியது. வராண்டாவில் விட்டான், நன்றாகத்தான் சுற்றியது. பிறகு என் போனை வாங்கி, அந்தப் பம்பரத்தின் மேல் கேமராவைக் காட்டிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"ஸ்கேன் ஆகல பாட்டி. எல்லாரும் டூப்ளிகேட்னு சொல்லுவாங்க."

"பம்பரம் சுத்துதேடா, அப்புறம் என்ன?" என்றேன். "சுத்தினா போதாது பாட்டி, கேம்ல வரணும்" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சுற்றுவதுதானே பம்பரத்தின் வேலை? அது போதாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

விசாரித்தேன், படித்தேன். ஜப்பானில் பேகோமா என்று ஒரு பழைய விளையாட்டு உண்டு. வாளியின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் சின்ன இரும்புப் பம்பரங்களை மோதவிடுவார்கள். நம் பிள்ளைகள் தரையில் வட்டம் போட்டு ஆடியதற்கு அண்ணன் தம்பி முறை. 1999-ல் டகாரா என்ற ஜப்பானியப் பொம்மைக் கம்பெனி அதைப் பிளாஸ்டிக்கும் உலோகமுமாக மாற்றிப் பேபிளேடு என்று விற்றது. கூடவே படக்கதை வந்தது. 2001-ல் கார்ட்டூன் வந்தது. வீடியோ கேம்களும் வந்தன. வெளிநாடுகளில் விற்றது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ. 2016-ல் அந்தக் கம்பெனி ஓர் ஆப் விட்டது. பம்பரத்தின் மேலுள்ள குறியைப் போனில் காட்டினால் அதே பம்பரம் கேமுக்குள் வரும். புதுப் பம்பரம் கேமில் வேண்டுமென்றால் கடையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். என் பேரன் அழுதது இதற்காகத்தான்.

பொம்மைக்காகக் கார்ட்டூன் எடுப்பது புதிதல்ல. 1969-ல் அமெரிக்காவில் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் பெயரிலேயே ஒரு கார்ட்டூன் வந்தது. 'இது நிகழ்ச்சியா, அரை மணி நேர விளம்பரமா?' என்று அங்கே புகார் கிளம்பியது. 1980-களில் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஹீ-மேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று வரிசையாக வந்தன. டிரான்ஸ்ஃபார்மர்ஸும் முதலில் டகாராவின் பொம்மைதான். 1984-ல் ஹாஸ்ப்ரோ அதற்குப் புதுப்பெயர் வைத்துக் கதையும் எழுத வைத்தது. கடைசியில் 1990-ல் சட்டம் போட்டு, பிள்ளைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் மணிக்கு இத்தனை நிமிஷம்தான் என்று அளவு வைத்தார்கள்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. 2008-ல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் சோட்டா பீமைக் கொண்டுவந்தது. இங்கே கார்ட்டூன் முதலில் வந்தது. பிறகுதான் பொம்மை, பை, தண்ணீர் பாட்டில், போன் கேம் எல்லாம். என் வகுப்பில் பாதிப் பேரின் பையில் பீம் இருந்தான். நானும் அவனை வைத்துக் கூட்டல் கணக்குப் போட வைத்திருக்கிறேன். லட்டுக் கணக்கு என்றால் கடைசி பெஞ்சுக்காரனும் விடை சொல்வான். ஆகவே இதெல்லாம் பாவம் என்று சொல்ல நான் வரவில்லை.

என் கவலை வேறு. கார்ட்டூனுக்கு ஒரு முடிவு உண்டு. அரை மணியில் பாட்டு போட்டு முடித்துவிடுவான், பிள்ளை எழுந்து தெருவுக்குப் போகும். கேம் அப்படி முடிவதில்லை. 'நாளைக்கும் வா, பரிசு இருக்கிறது' என்கிறது. 'உன் ஆள் தோற்றுவிட்டான், வைரம் வாங்கினால் எழுந்துவிடுவான்' என்கிறது. கார்ட்டூனில் பார்த்து நேசித்த அதே முகம் காசு கேட்கிறது. கடைக்காரர் கேட்டால் 'அம்மாவைக் கேட்கிறேன்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தன் நண்பன் கேட்டால் மறுக்கத் தெரியுமா?

2011-ல் அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஸ்மர்ஃப் என்ற நீலப் பொம்மை மனிதர்களின் கேமில் 1,400 டாலர் செலவழித்த செய்தி வந்தது. கேமுக்குள் பழம் வாங்கினாளாம். நிஜப் பணம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப் பல புகார்கள் சேர்ந்து, 2014-ல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்த ஒருவன் சென்ற வருஷம் வீட்டுக்கு வந்து, "டீச்சர், பையன் 1,800 ரூபாய்க்கு ஏதோ காயின் வாங்கிட்டான். அடிச்சுட்டேன். அடிச்சது தப்பா?" என்று கேட்டான். தப்புதான் என்றேன். பையன் திருடவில்லை. திறந்திருந்த பெட்டியில் கைவைத்தான், அவ்வளவுதான்.

நம் சட்டங்களையும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நல்ல காரியம். பொம்மையின் பெயிண்ட் வாயில் போனால் ஆபத்தா என்று பார்க்க ஆள் இருக்கிறது. அதே பொம்மையின் கேம் மனதுக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்க்க யார் இருக்கிறார்கள்? 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025-ல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கிறது. ஆனால் வைரம் வாங்கும் கார்ட்டூன் கேம் சூதாட்டக் கணக்கில் வராது. அந்த வாசலில் பெற்றோர்தான் நிற்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் 'போனைக் கையில் கொடுத்த அம்மாவைத்தான் சொல்லணும்' என்பீர்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கும் என் மாணவிகளை எனக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, சோறு வடித்து, இரண்டு மணி நேரம் கண்ணை மூட வேண்டுமென்றால் பிள்ளையை எங்கே விடுவாள்? முன்பு திண்ணையில் பாட்டி இருந்தாள், தெருவில் பத்துப் பிள்ளைகள் இருந்தன. இப்போது தெருவில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் போகின்றன. இதில் வேடிக்கை, உங்களில் பலர் ஸ்ரீபெரும்புதூரில் போன் பூட்டும் வேலை பார்த்தவர்கள். போனைப் பூட்டத் தெரிந்த உங்களுக்கு, பிள்ளைக்கு எதிரே அதைப் பூட்டுவதா கஷ்டம்?

அதனால் மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றைக்கே மாற்றுங்கள். தெரியாதவர்கள் கமெண்டில் கேளுங்கள், தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள். இரண்டு, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நாள் அந்த கேமை ஆடிப் பாருங்கள். 'இந்த இடத்தில் ஏன் காசு கேட்கிறான்? இந்தக் கதையால் யாருக்கு லாபம்?' என்று கேளுங்கள். ஏழு வயதில் புரியும். என் பேரனுக்குப் புரிந்தது. மூன்று, போனை வாங்கும்போது வெறுங்கையோடு விடாதீர்கள். மாற்றாக ஒன்று கொடுங்கள்.

இந்த மூன்றாவதை நான் செய்யவில்லை. உங்களில் எத்தனை பேரின் பம்பரத்தை வகுப்பில் பிடுங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறேன்! ஆணி காலில் குத்தும், படிப்பு கெடும் என்று சொன்னேன். ஆக்கர் விழுந்த பம்பரத்தைப் பார்த்து நீங்கள் அழுததையும் பார்த்திருக்கிறேன். பிடுங்கியதற்குப் பதிலாக எதையும் நான் கொடுக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

மறுநாள் பேரனுக்கு ஒரு மரப் பம்பரம் வாங்கி, சாட்டை சுற்றக் காட்டினேன். மூன்று நாள் விழுந்து விழுந்து, நாலாம் நாள் நின்று சுற்றியது. "ஸ்கேன் பண்ண வேண்டாமா?" என்று கேட்டேன். "இதுக்கு வேண்டாம் பாட்டி" என்றான். ஊருக்குக் கிளம்பும்போது இரண்டையும் பையில் வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பம்பரம் இருந்தால் எடுத்து வாருங்கள். இந்த முறை பிடுங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்