தற்காலிகம் என்றொரு சொல்

தற்காலிகக் கோப்பு என்பது பெயரளவில்தான் தற்காலிகம். துறையின் பொதுக்கணினியில் பருவத் தொடக்கத்தில் ஒரு மாணவி திறந்த பக்கத்தின் படங்கள், தேர்வு முடிந்த பின்னும் அங்கேயே தங்கியிருக்கக்கூடும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 'இன்டெக்ஸ்.டாட்' என்றொரு கோப்பை ஒளித்து வைத்திருந்தது. வரலாற்றை அழித்த பின்னும் சென்ற முகவரிகள் பல அதில் எஞ்சியிருந்தன. அந்த உலாவி 2022 ஜூனில் விடைபெற்றது, குணம் விடைபெறவில்லை. இன்றைய குரோம் தன் கோப்புகளை 'ஆப்டேட்டா' என்னும் மறைகோப்புறைக்குள் சேர்க்கிறது. அதைத் தேடித் துழாவ வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் அழிப்பதற்கான பெட்டி தோன்றும். கால அளவை 'எல்லா நேரமும்' என மாற்றுவது முக்கியம். இல்லையேல் கடைசி ஒரு மணி நேரத்துத் தடம் மட்டுமே நீங்கக்கூடும்.

'மாணவர்களே கவனமாயிருங்கள்' என்று சுவரில் தாள் ஒட்டுவதோடு நம் கடமை தீர்ந்ததாக நான் கருதவில்லை. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு எண்ணை இட்டவளும், யாரிடமும் சொல்லாத நோயின் பெயரைத் தேடியவளும் அமர்வது அதே நாற்காலியில்தான். வரிசையில் அடுத்தவர் காத்து நிற்கையில் அழிக்க அவர்களுக்கு அவகாசம் ஏது? கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவரே உலாவியை விருந்தினர் முறையில் திறந்துவைக்கலாம். சாளரங்கள் அனைத்தையும் மூடியதும் தடம் தானே அகலும். இறக்கிய கோப்புகள் மட்டும் அகலா. மதிப்பெண் பட்டியல்களும் ஆதார் நகல்களும் குவிந்து கிடக்கும் அந்தக் கோப்புறையை மாலைதோறும் ஒருவர் கையால்தான் துடைக்க வேண்டும்.