வண்டி வந்து சேரும்வரை

தீ என்றதும் 101-ஐ அழைக்க வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பெரிய ஏற்பாடு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குச் சென்னையில் இயக்குநர் தலைமை வகிக்கிறார். அவரின்கீழ் மண்டல அதிகாரிகளும், மாவட்ட அலுவலர்களும், நிலையந்தோறும் நிலைய அலுவலரும் பொறுப்பேற்றிருக்கின்றனர். 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இரவு பகலாக விழித்திருக்கின்றன. ஒரு நிலையத்தால் அடக்க இயலாத தீயானால் பக்கத்து ஊர் வண்டிகளும் விரைந்து வரும். கிணற்றில் விழுந்தவரை மீட்பதும், வெள்ளத்தில் சிக்கியவரைக் கரை சேர்ப்பதும் இவர்கள் பணியே. 2012-இல் சென்னை எழிலகத்தில் மூண்ட தீயோடு போராடிக் காயமுற்ற பிரியா ரவிச்சந்திரன் ஒரு பெண் அதிகாரி என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை.

ஆயினும் எத்தனை விரைந்தாலும் வண்டி வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்குப் பொறுப்பு நாமே.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கூரை மாறினால் மட்டும் போதுமா? புகை சூழ்ந்தபின் வெளியேறும் வழி தெரியாத பிள்ளைக்குக் கான்கிரீட் கட்டடமும் ஆபத்தானதே.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. ஆனால் பள்ளிகளுக்கு அது தேர்வும் விடுமுறையுமான காலம். ஆகவே ஜூலை 16-ஐப் பள்ளிகளின் ஒத்திகை நாளாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. அன்று நிலைய வீரர்களை அழைத்துத் தீயணைப்பானைக் கையாளக் கற்போம். மணி அடித்ததும் மூத்த மாணவியர் சின்னஞ்சிறு பிள்ளைகளின் கைப்பிடித்து மைதானம் சேர்க்கட்டும். ஆசிரியைகள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடட்டும். பாடநேரம் வீணாகும் என்பார் சிலர். ஆண்டில் ஒரு மணி நேரத்தை உயிருக்காகக் கொடுப்பது வீணாகாது.

அக்குழந்தைகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மெழுகுதிரி ஏற்றி மன்றாடுவது நன்று. அதே நாளில், தள்ளாமல், முண்டாமல், வரிசையாக மாடிப்படி இறங்கவும் பழகுவோம். அதுவும் பிறரன்பே.