சோனுலின் பரிசோதனை: குடல் தடுப்பும் மூளைத் தடுப்பும் குறித்து நோயாளிகள் அறிய வேண்டியவை

‘கசியும் குடல்’ என்னும் சொல் அண்மை ஆண்டுகளில் பரவலாகப் புழங்குகிறது. சோனுலின் என்னும் புரதத்தின் அளவைக் கண்டறிவதாகக் கூறும் பரிசோதனைகள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. நாட்பட்ட சோர்வு முதல் ஆட்டிசம், மறதிநோய் வரை பலவற்றுக்கும் இப்புரதமே காரணம் என்னும் கருத்தும் பரப்பப்படுகிறது. இதில் உறுதியானது எது, உறுதியாகாதது எது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சோனுலின் என்றால் என்ன?

குடலின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக அமைந்த உயிரணுக்கள் போர்த்தியுள்ளன. அருகருகே உள்ள உயிரணுக்களைப் புரத இணைப்புகள் இறுகப் பிணைக்கின்றன. இவை அசையாச் சுவர்கள் அல்ல. தேவைக்கேற்பச் சற்றே தளர்ந்து மீண்டும் இறுகும் தன்மையுடையவை.

காலரா கிருமியின் ஒரு நச்சுப்பொருள் இவ்விணைப்புகளைத் தளர்த்துகிறது என்பதை 1991இல் அலெசியோ ஃபசானோவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். அதே செயலைப் புரியும் புரதம் மனித உடலிலும் உண்டு என 2000இல் அறிவித்து, அதற்குச் சோனுலின் எனப் பெயரிட்டனர். 2009இல் அது ஹாப்டோகுளோபின் 2 என்னும் இரத்தப் புரதத்தின் முன்வடிவம் என அடையாளம் கண்டனர். மரபுவழியில் ஹாப்டோகுளோபின் 1 வகையை மட்டுமே பெற்றவர்களின் உடலில் இம்முன்வடிவம் உருவாவதில்லை.

கோதுமையில் உள்ள குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினும், சில குடல் நுண்ணுயிரிகளும் சோனுலினை வெளிப்படத் தூண்டுகின்றன. சீலியாக் நோயில் இத்தொடர்பு மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது.

மூளையுடன் என்ன தொடர்பு?

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் இத்தகைய இறுக்கமான இணைப்புகள் உள்ளன. இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் மூளைக்குள் புகாமல் இவை காக்கின்றன. சோனுலின் இத்தடுப்பையும் தளர்த்தக்கூடும் என ஆய்வகச் சோதனைகள் சுட்டுகின்றன. எனினும், ஒரு நோயுடன் ஒரு புரதத்தின் அளவு உயர்ந்து காணப்படுவதாலேயே அப்புரதம் அந்நோயை உண்டாக்கியது என்று கொள்ள இயலாது. நோயின் அழற்சியே அவ்வுயர்வுக்குக் காரணமாகவும் இருக்கலாம்.

பரிசோதனை நம்பகமானதா?

பரவலாகப் பயன்படும் ஒரு பரிசோதனைத் தொகுப்பு ஹாப்டோகுளோபின் முன்வடிவத்தை அன்றி வேறு புரதங்களையே கண்டறிகிறது என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. சோனுலினை உருவாக்க இயலாதவர்களின் இரத்தத்திலும் அது ‘சோனுலின்’ அளவைக் காட்டியது. ஆகவே, ‘சோனுலின் மிகுதி’ என்னும் ஓர் அறிக்கையை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானிக்கலாகாது.

மருந்து உள்ளதா?

இவ்விணைப்புகள் தளர்வதைத் தடுக்கும் நோக்குடன் லராசோடைடு என்னும் மருந்து சீலியாக் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மூன்றாம் கட்டச் சோதனையின் இடைக்கால மதிப்பீடு ஊக்கமளிக்காமையால் 2022இல் அது நிறுத்தப்பட்டது. சீலியாக் நோய்க்குக் குளூட்டன் அற்ற உணவை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிப்பதே இன்றும் முதன்மைச் சிகிச்சையாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சீலியாக் நோய் ஐயம் இருப்பின், பரிசோதனை முடியும் வரை கோதுமை உணவை நிறுத்த வேண்டா. நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவு இயல்பாகத் தோன்றக்கூடும். இதற்குரிய எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனையும், தேவைப்படின் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் உள்ளன.
• நீடித்த வயிற்றுப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, மலத்தில் இரத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகுக.
• ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சோனுலின் அறிக்கையை மட்டும் நம்பிப் பால், கோதுமை முதலியவற்றை விலக்க வேண்டா. அவர்களுள் பலர் முன்னரே குறைந்த வகை உணவுகளையே உண்பதால் ஊட்டச்சத்துக் குறைபாடு நேரக்கூடும்.
• வலிப்பு, மனநலம், மறதிநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றி நிறுத்தலாகாது.
• ‘குடலை அடைக்கும்’ எனக் கூறி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்குமுன் உங்கள் மருத்துவரிடம் காட்டுக.

சோனுலின் ஆய்வு தொடரத் தகுந்த அறிவியல் துறையே. ஆயினும், தனியொருவரின் நோயைக் கண்டறியும் கருவியாக அது இன்னும் முதிரவில்லை.