இரு கடல் கரையையும் பதிவு செய்து தரக் கோரும் பாம்பன் மக்களின் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், சிறுகடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் இணைந்த ஊர்ச் சங்கம்,
பாம்பன், இராமேஸ்வரம் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், இராமநாதபுரம்.
நகல்: மீன்வளம், வனம், சுற்றுலா, தேசிய நெடுஞ்சாலை, இரயில்வே துறை அலுவலர்கள்.

பொருள்: பாம்பனில் மீனவர்களின் தொழிற்கரையை வரைபடத்தில் பதிதல், சாலைப் பாலத்தில் வாகனங்கள் நிற்பதைத் தடுத்தல், பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரம், குடிநீர், குப்பை, புயல் எச்சரிக்கை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,



1914-இல் இரயில் பாலம் வந்தது. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்கு இரயில் பாலம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பாலமும் இராமேஸ்வரம் தீவுக்கு வருவோரின் எண்ணிக்கையைக் கூட்டியது. இராமநாதசுவாமி கோயிலுக்கோ தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கோ தரைவழியாகப் போகிற எவரும் எங்கள் ஊரைக் கடந்துதான் போகவேண்டும். அவர்கள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் ஆட்டோ ஓட்டியும் கடை வைத்தும் பிழைப்பது அவர்களால்தான். ஆனால் இது முதலில் ஒரு மீன்பிடி ஊர். சுற்றுலாவுக்காகத் தீட்டப்படும் எந்தத் திட்டமும் அதை மனதில் வைத்தே தொடங்கவேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் முதன்மையான கோரிக்கை கரையைப் பற்றியது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது படகுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விடுவோம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் முரண்டு பிடிக்கும். மறுபடி வடக்கே வருவோம். ஆண்டின் எந்த மாதத்தில் வந்து பார்த்தாலும் இரண்டில் ஒரு கரை வெறிச்சோடித்தான் கிடக்கும். ஆடி மாதத்தில் தெற்குக் கரையைப் பார்வையிடும் அலுவலர் அதை யாரும் பயன்படுத்தாத இடம் என்று எண்ணுவது இயல்பு. பூங்காவோ தங்கும் விடுதியோ அந்த இடத்தில் முன்மொழியப்பட்டால், அடுத்த வாடைக்குப் படகை ஏற்ற எங்களுக்கு மணல் இருக்காது. வலை காயப்போடுவது, கருவாடு உலர்த்துவது, படகைக் கவிழ்த்துப் பழுதுபார்ப்பது எல்லாம் அந்த மணலில்தான் நடக்கின்றன. அதில் எவர் பெயரிலும் பட்டா இல்லாததால், காலி நிலம் என்று ஒரு கோப்பில் எழுதுவது மிக எளிதாகிவிடுகிறது. இதைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம்.

மீனவக் கிராமங்களையும், அவர்களின் பொது இடங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் காட்டவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொன்னது. மீனவர்களின் நீண்டகால வீட்டுவசதித் தேவைக்குத் திட்டம் வகுக்கவும் அது கூறியது. இத்தகைய வரைபடத்துக்கான அளவீட்டைப் பாம்பனில் இரண்டு முறை, வாடையில் ஒன்றும் தென்மேற்குக் காற்றில் ஒன்றுமாக, எங்கள் ஆட்களை உடன் வைத்துக்கொண்டு நடத்தவேண்டும். சின்னப்பாலம், தோப்புக்காடு, தெற்குவாடி, குந்துகால் ஆகிய இடங்கள் எதுவும் விடுபடக்கூடாது. வரைபடத்தைக் கிராமசபையில் வைத்து ஒப்புதல் பெறும்வரை, இரு கரையிலும் புதிய கட்டுமானம் எதற்கும் அனுமதி தரவேண்டாம்.

அடுத்தது சாலைப் பாலம். தீவுக்கு வேறு சாலை கிடையாது; எதிரெதிராக இரண்டு வண்டி போகிற அகலம்தான். இரயில் வரும் நேரத்தில் வண்டிகளைப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறார்கள். கடலின் மேல் இரயில் ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுவதில் தவறில்லை. நாங்களே இன்னும் நின்று பார்க்கிறோம். ஆனால் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டிய பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும், புயலில் அடிபட்ட மீனவனுக்கும் இந்த ஒரு வழிதான். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் மீன் லாரியும் அங்கேதான் காத்துக் கிடக்கிறது. தடை போட்டால் மட்டும் போதாது. மண்டபம் பக்கமும் பாம்பன் பக்கமும் வாகனம் நிறுத்த இடமும், நின்று பார்க்க மேடையும், கழிப்பறையும் கட்டிக் கொடுத்தால் வருகிறவர்கள் தாமாகவே அங்கே இறங்குவார்கள். அதுவரை விடுமுறை நாட்களில் பாலத்தின் இருமுனையிலும் காவலர்கள் நிற்கவேண்டும். பழைய இரயில் பாலம் குறித்து எந்த முடிவு எடுக்கப்பட்டாலும், அதன் இரும்போ கல்லோ படகுகள் போய்வரும் கால்வாயில் விழாதபடி எங்களைக் கலந்தே வேலை நடக்கவேண்டும்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஊரே தனி அக்கறையுடன் கேட்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பவளப் பார்களில் முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் பாசிகளை எடுப்பது அவர்கள் தாய்வழியாக வந்த தொழில். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்ட பிறகு, அதே இடத்தில் தொழில் செய்வது குற்றமாகிவிட்டது. இந்தப் பெண்கள் கடலை அழிப்பவர்கள் அல்லர். நீர் வற்றும் நாட்களில் மட்டும் இறங்குவது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டாமல் கையால் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி பரிசைப் பெற்றார். அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்னும் தீவுப் பாதுகாப்பு அமைப்பு அறிந்து போற்றிய உழைப்பை உள்ளூரில் அச்சத்துடன் செய்யவேண்டியிருப்பது எங்களை மிகவும் வருத்துகிறது. அவர்களை மீனவர் என்றே பதிந்து அடையாள அட்டை வழங்கவேண்டும். எந்தப் பார், எந்த நாள், எவ்வளவு என்று வனத்துறை அவர்களுடன் உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிவு செய்யவேண்டும். குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்குப் போகும் சூழல் சுற்றுலாவிலும் இந்தக் குடும்பங்களுக்கே வேலையில் முதலிடம் தரவேண்டும்.

குடிநீர் விஷயத்தில் தாமதம் கூடாது. தீவின் மணலுக்குள் மழைநீர்தான் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு விடுதிகள் உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. வணிக நோக்கிலான ஆழ்துளைக் கிணறுகளுக்குத் தீவு முழுவதும் தடை வேண்டும். அடுத்து, குப்பையை அள்ளுவதற்கு ஒரு கிராம ஊராட்சியின் வருவாய் போதவில்லை. சுற்றுலாவால் தீவில் திரளும் கட்டண வருவாயில் பாம்பனுக்கும் பங்கு ஒதுக்கவேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாங்கள் படகை மேலே இழுத்துவிடுவோம். வெளியூரிலிருந்து வருகிறவருக்குக் கூண்டின் பொருள் தெரியாது. அவர் அலையில் இறங்கி நிற்கிறார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த தீவு இது. 2024 நவம்பரில் மேகவெடிப்பாய்க் கொட்டிய மழையில் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் மூன்றும் நீரில் மூழ்கியதும் தாங்கள் அறிந்ததே. கூண்டு ஏறிய உடனே அரிச்சல்முனைச் சாலையை மூடவும், விடுதிகள் தோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் நிரந்தர ஆணை வேண்டும். மழைநீர் கடலுக்கு இறங்கும் பழைய வழிகளை மறித்து எழும் கட்டடங்களுக்கு ஒப்புதல் தரக்கூடாது.

மேற்கண்டவை குறித்து எல்லாத் துறை அலுவலர்களும் எங்கள் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டத்தைப் பாம்பனிலேயே, வாடை தொடங்குமுன் கூட்டித் தருமாறும், அன்றே இரு கரைகளையும் நேரில் பார்வையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: பாம்பன்