கை தட்டுவதற்கு மட்டுமா கைகள்?

இன்றைய யாழ்ப்பாணத்தில் நால்வர் ஓரிடத்திற் கூடினால் பேசப்படும் பொருள் மூன்றே. ஒன்று விலைவாசி. மற்றொன்று, யார் வீட்டுப் பிள்ளைக்கு விசாக் கிடைத்தது என்பது. மூன்றாவது, அக்கரைச் சினிமாச் செய்தி. முதலிரண்டும் வயிற்றோடும் வாழ்வோடும் ஒட்டியவை. அவற்றைப் பேசாதிருத்தல் எவராலும் இயலாது. மூன்றாவதைப் பற்றியே இவ்வாரம் நம் மனக்குறையை வாசக அன்பர்கள் முன் வைக்க எண்ணுகின்றோம்.

"மாஸ்ரர் சினிமாவைத் திட்டத் தொடங்கிவிட்டார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம். திட்டுதல் நம் நோக்கமன்று. நல்ல படம் வந்தால் நாமும் குடும்பத்தோடு சென்று பார்ப்பவரே. நல்ல பாட்டொன்று காதில் விழுந்தால் நாமும் முணுமுணுப்பவரே. நாம் கேட்க விரும்புவது வேறு.

2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டு நடிகர் விஜய் புதிய அரசியற் கட்சியொன்றைத் தொடங்கினார். அந்நாட்களில் ஒரு மாலை, நாம் வழக்கமாகத் தேநீர் அருந்துங் கடையில் இளைஞர் சிலர் கூடி, அக்கட்சியின் எதிர்காலத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் நம் பழைய மாணவன். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"சேர், இனி எல்லாம் மாறப்போகுது."

"எங்கே தம்பி?"

"அங்கைதான் சேர்."

"அங்கே உனக்கு வாக்கு உண்டோ?"

"இல்லை சேர்."

"சரி, வாக்கு உள்ள இடத்தைப் பார்ப்போம். உன் ஊர்ப் பிரதேச சபைக்குத் தேர்தல் எப்பொழுது?"

பையன் சிரித்தான், மறுமொழி வரவில்லை. மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்தனர். 2023 மார்ச்சில் நடைபெற்றிருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தாற் பின்போடப்பட்டு, 2025 மே 6 ஆம் தேதியே நடந்தது. அவ்விரண்டு ஆண்டுக்கும் மேலாக நம் வீதி விளக்குக்கும், குப்பை வண்டிக்கும், சந்தைக் கட்டடத்துக்கும் பொறுப்புச் சொல்ல மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினரும் இருந்தாரல்லர். அதனைப் பற்றி அத்தேநீர்க்கடையில் ஒருவரும் சினந்து பேசியதை நாம் கேட்டதில்லை. சினமும் உற்சாகமும் கடல் கடந்து போய்விட்டன.

கடல் கடந்த உற்சாகம் சில வேளைகளில் நம் தலையிலேயே வந்து விழுவதும் உண்டு. 2025 ஆகஸ்டில் மதுரையில் நடந்த மாநாட்டில் அதே நடிகர், கச்சதீவை மீட்டுத் தரவேண்டுமென இந்தியப் பிரதமரைக் கேட்டுக்கொண்டார். தம் நாட்டு மீனவருக்காக அவர் பேசினார். அது அவருக்குரிய அரசியல். அதற்கு அங்கே கைதட்டுவோரை நாம் குறைகூறோம். ஆனால் இங்கிருந்தும் கைதட்டுக் கேட்டதே, அதனை என்னென்பது? நெடுந்தீவுக்குத் தென்மேற்கே கிடக்கும் அச்சிறு தீவு 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இலங்கைக்கு உரியது. அதனைச் சூழ்ந்த கடலில் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளால் வலை அறுந்து, கடனோடு கரை சேர்பவர் மாதகலிலும் நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் வாழும் நம்மவர். கடலடியை வாரி அழிக்கும் அம்முறையை இலங்கை 2017 இற் சட்டத்தினாலே தடைசெய்தது. தகப்பன் அறுந்த வலையைத் திண்ணையில் இருந்து பொத்திக்கொண்டிருக்க, மகன் உள்ளே கைத்தொலைபேசியில் அந்த உரைக்கு விருப்பக் குறியிடுகின்றான். அவன் தீயவன் அல்லன். தன் வீட்டுக் கதை அவனுக்குக் கதையாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே பின்போடப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில், பசி தாளாத குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. இவையெல்லாம் நம் கண் முன்னே நடந்தவை. மூன்றாண்டு கழிந்தது. 2025 மேயில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்னும் படம் சென்னையிலிருந்து வந்தது. பொருளாதார நெருக்கடியால் நம் ஊரைவிட்டுப் படகேறி இராமேஸ்வரம் சென்ற ஒரு குடும்பத்தின் கதை. நல்ல படம், நம்மவர் சென்று பார்த்துச் சிரித்தனர், கண்ணீரும் விட்டனர். எடுத்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் படமாளிகையை விட்டு வெளியே வந்தபோது நம் நெஞ்சில் ஒரு கேள்வி தைத்தது. பசி நம்முடையது, படகு நம்முடையது, பேச்சும் நம்முடையது. கதையை மட்டும் அக்கரையார் சொல்ல, நாம் நுழைவுச்சீட்டுப் பெற்றுக் கேட்க வேண்டியதாயிற்றே, ஏன்?

"நம்மிடம் ஆற்றல் இல்லை" என்று சிலர் விடை கூறுவர். அது வரலாறு அறியாதார் கூற்று. இலங்கையில் 1962 இல் 'சமுதாயம்' என்னும் தமிழ்ப்படம் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' வந்தது. 1972 இற் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' என்னும் படத்தைத் தயாரித்தார். 1976 இல் வந்த 'கோமாளிகள்' மக்கள் மனத்தைக் கவர்ந்து நன்றாக ஓடிற்று. அடுத்த ஆண்டு, சிங்கள நெறியாளரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்வை 'பொன்மணி' என்னும் படமாக்கினார். 1978 இற் செங்கை ஆழியானின் மீனவர் கதையான 'வாடைக்காற்று' திரைக்கு வந்தது. மேடையிலோ, காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' நடித்தால், கோயில் வீதியில் மக்கள் பாய் விரித்து விடியும்வரை இருந்தனர். ஆற்றல் இல்லாத நாட்டிலா இவையெல்லாம் நடந்தன?

ஒன்றை மறைக்காமற் கூறிவிடவேண்டும். எழுபதுகளில் நம் எழுத்தும் படமும் தழைத்தமைக்கு ஒரு காரணம், 1970 இற் பதவியேற்ற அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளையும் படங்களையும் மட்டுப்படுத்தியமை. கடையில் அக்கரை இதழ் இல்லாதபோது வாசகர் கை ஈழத்து நாவலை நாடிற்று. வீரகேசரிப் பிரசுரங்கள் வீடுதோறும் புகுந்தன. 1977 இற் கதவு திறந்தது. அக்கரை இதழ்கள் மீண்டும் வந்து குவிந்தன. நம் வெளியீடுகள் மெலிந்தன. பின் 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த தமிழருக்குரிய படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையாயிற்று. அதன் பின்னர் நாம் பட்டவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. போரின் கொடுமை பாதிக் காரணம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் மீதிப் பாதி நம்மவர் விருப்பத்தின்பாற்பட்டது அன்றோ? மீண்டும் தடை வேண்டுமென நாம் கேட்கவில்லை. தடையினால் வளரும் கலை தடை நீங்க விழும். வேலி போட்டால்தான் நம் தோட்டத்துக் காயை உண்போம் என்பது ஒரு சமூகத்துக்குப் பெருமையாகுமா?

போர்க்காலத்திலும் சிலர் விளக்கை அணையவிடவில்லை. 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தாமே சுமந்து வீதிவீதியாக விற்றார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1985 இல் 'மண் சுமந்த மேனியர்' எழுதினார். மக்கள் தம் துயரைத் தாமே மேடையிற் கண்டனர். அப்பெரியார் 2025 ஜனவரியில் மறைந்தார்.

அவர் மறைந்த வாரம் உயர்தர வகுப்பில் அந்நாடகத்தை எழுதியவர் யார் என்று வினவினோம். வகுப்பு முழுவதும் மௌனம். கடைசி வாங்கில் ஒரு மாணவி மட்டும் எழுந்து சரியாக விடை பகர்ந்தாள். 'நாடகமும் அரங்கியலும்' பாடம் எடுப்பவள்.

"நன்று பிள்ளை. எப்படித் தெரியும்?"

"பழைய வினாத்தாளிலை வந்தது, சேர்."

"நாடகத்தைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை சேர். குறிப்புத்தான் படிச்சனான்."

அப்பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. நம் மேடை, வினாத்தாளில் ஐந்து புள்ளிக்குரிய குறிப்பாகிவிட்டது. அதனை மேடையிற் காட்டவேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது.

"இங்கே எடுப்பவை தரமாயில்லையே, பணங் கொடுத்து எப்படிப் பார்ப்பது?" என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் இன்று கடன்பட்டுப் படம் எடுக்கின்றனர். மண்டபம் பிடித்துத் திரையிடுகின்றனர். அவற்றிற் சில ஒலி தெளிவின்றி இருக்கின்றன. சிலவற்றில் அக்கரை நாயகனின் நடையும் சண்டையும் அப்படியே நகல் செய்யப்பட்டிருக்கின்றன. குறை உண்டு, மறைப்பானேன்? ஆனால் முதற்படத்துக்கு நூறு பேர் வந்து குறை சொன்னாலன்றோ இரண்டாம் படம் திருந்தும்? குழந்தையின் முதல் நடையைப் பார்த்து "இவன் ஓட்டப் பந்தயத்துக்கு ஆகான்" என்று எந்தத் தாய் தொட்டிலில் மீண்டும் கிடத்துகின்றாள்? கோடிக்கணக்கிற் செலவழித்த படத்தின் குறையை மன்னித்து மும்முறை பார்ப்பவர், அயல்வீட்டுப் பையனின் குறையை ஒரு முறையும் மன்னிக்க மறுப்பது நீதியாகாது.

ஆகவே, குறை சொல்வதோடு நில்லாது, நம் வாசகக் குடும்பங்களிடம் மூன்று சிறு வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, மாதம் ஒரு ஈழத்து நூல் அல்லது சஞ்சிகை வீட்டுக்கு வரட்டும். இரவலாக அன்று, விலை கொடுத்து. இரண்டாவது, கோயில் திருவிழா உபயகாரருக்கு. சினிமாப் பாட்டு இசைக்குழுவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஓர் இரவையாவது நம் ஊர்க் கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் கொடுங்கள். பணம் அனுப்பும் வெளிநாட்டு உறவினரும் அதனைக் கேட்டு வாங்கட்டும். மூன்றாவது, பெற்றோருக்கு. பாடசாலை நாடகத்தன்று உங்கள் பிள்ளை மேடையை விட்டு இறங்கியவுடன் எழுந்து போய்விடாதீர்கள். அடுத்த பிள்ளையும் உங்களைப் பார்த்தே நடிக்கின்றது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அபிமான நடிகரை விட்டுவிடும்படி நாம் கூறவில்லை. படத்தைப் பாருங்கள், மகிழுங்கள். ஆனால் அதற்குச் செலவிடும் நேரத்திற் கால்வாசியை எடுத்து, உங்கள் அப்பாச்சியிடம் ஒரு கதை கேட்டு எழுதிவையுங்கள். இடம்பெயர்ந்த கதையோ, வரிசையில் நின்ற கதையோ, வலை அறுந்த கதையோ எதுவாயினும் ஆகுக. பிழையோடு எழுதினாலும் கொண்டுவாருங்கள், திருத்தித் தருகின்றோம். ஆசிரியத் தொழிலில் நமக்குச் சலிக்காத வேலை அது ஒன்றே.