நூற்றுக்கு நூறு பாஸ்! காணாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர்?

கள்ளக்குறிச்சி –

மே மாதம் வந்தால் போதும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே பேச்சு. "எந்தப் பள்ளி எத்தனை பர்சென்ட்?" பள்ளி காம்பவுண்டுச் சுவரில் பேனர் தொங்கும். "பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி!"

அந்தப் பேனரைப் பார்த்துத்தான் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் முடிவு கட்டுகிறார்கள். கல்வராயன்மலையில் ஆட்டை விற்று, கைமாற்று வாங்கி, கீழே தனியார் பள்ளியில் பீஸ் கட்டுகிற குடும்பமும் அதை நம்பித்தான் கட்டுகிறது.

அந்த நூறு பொய்யா? பொய் இல்லை. முழுக்கதையா என்று கேட்டால், அதுவும் இல்லை.

கிரைம் செய்தி சேகரிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பான். பரீட்சை ரிசல்ட்டிலும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

பாஸ் சதவீதம் போடுவது எப்படி? பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் கணக்கு. எழுத வராதவர் அதில் சேர்த்தி இல்லை.

2023 பிளஸ் டூ பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதும் எழுதியவர்கள் 8 லட்சத்து 3 ஆயிரத்து 385 பேர். தேறியவர்கள் 7 லட்சத்து 55 ஆயிரத்து 451 பேர். 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். சபாஷ்!

ஆனால் அதே ஆண்டு மார்ச் 13-ந் தேதி நடந்த மொழிப்பாடப் பரீட்சைக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவே இல்லை. தமிழ்நாட்டில் தாய்மொழிப் பரீட்சைக்கு இத்தனை பேர் வரவில்லையா என்று ஊரே அதிர்ந்தது. அவர்களையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் 94 என்பது 88 சொச்சமாக இறங்கிவிடும்.

பள்ளிக்கூட அளவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு.

முதல் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள். பத்தாவது எழுதியவர்கள் 30 பேர். முப்பதும் பாஸ். பேனரில் 100 சதவீதம்!

இரண்டாவது பள்ளியிலும் சேர்ந்தது 60 பேர்தான். எழுதியவர்கள் 56. பாஸ் 48. சுமார் 86 சதவீதம். பேனர் கிடையாது. ஹெட்மாஸ்டருக்கு மீட்டிங்கில் திட்டு.

எது நல்ல பள்ளி? சேர்ந்த 60 பேரில் முதல் பள்ளி கரையேற்றியது 30 பேரை. இரண்டாவது பள்ளி கரையேற்றியது 48 பேரை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் திட்டு வாங்கியவர்தான் மாலைக்கு உரியவர்.

என் பெஞ்சில் ஐந்து பேர்

நான் படித்ததும் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிதான். ஆறாவதில் என் பெஞ்சில் ஐந்து பேர். பத்தாவது பரீட்சை ஹாலில் மூன்று பேர். அந்த ஆண்டும் "நல்ல தேர்ச்சி" என்றுதான் போர்டில் எழுதினார்கள். மற்ற இரண்டு பேர் எங்கே என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருவன் லாரியில் கிளீனராகப் போனான். இன்னொருவனை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

மலையில் என்ன நடக்கிறது?

கல்வராயன்மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்த மலை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று ஜாகீர்தார்கள் வரி வாங்கி, வெட்டி வேலை வாங்கி ஆண்டார்கள். 1976-ல்தான் அது சர்க்கார் கைக்கு வந்தது. அதாவது, இன்றைக்குப் பத்தாவது படிக்கும் பையனின் தாத்தா வாலிபத்தில் ஜாகீர்தாருக்கு ஊழியம் செய்தவராக இருக்கலாம். அந்த வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைப் பிரித்தவனே இந்தப் பையனாகவும் இருக்கலாம். டியூஷன் ஏது? வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார்?

மலையில் பிழைப்புக்கு வழி குறைவு. சீசன் வந்தால் கேரளா, கர்நாடகா தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். போனால் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். சாராயம், செம்மரம் என்று வழி தவறிப் போய், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு.

எட்டாவது வரை யாரையும் பெயில் போடுவதில்லை. ஒன்பதாவதில்தான் சிக்கல் ஆரம்பம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பையன் அங்கே மாட்டிக்கொள்கிறான். பெண் பிள்ளை என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. பத்தாவது ஹாலுக்கு வராமல் போகிறவர்கள் இவர்கள்தான்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதன் பிறகு ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு கல்வராயன்மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பேச்சுக்கு வந்தன. சாவு விழுந்த பிறகுதான் பள்ளிக்கூடமும் ஞாபகத்துக்கு வருகிறது!

தனியார் பள்ளி என்றால் கவலை இல்லையா?

2022 ஜூலை 13-ந் தேதி சின்னசேலம் அருகே கனியாமூர் தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்தார். 17-ந் தேதி கலவரம் வெடித்து, பள்ளிப் பஸ்கள் எரிந்தன. பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் நாசமாயின. மார்க் ஷீட்டில் எழுதாத விஷயம் பள்ளியில் நிறைய உண்டு என்பதை இந்த வட்டாரம் அன்றைக்குப் பட்டுத் தெரிந்துகொண்டது.

2025 பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் மாநில சராசரி 93.80 சதவீதம். அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26. வித்தியாசம் இரண்டரை சதவீதம். வருகிற பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கும், பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளிக்கும் ஒரே தராசு சரிப்படுமா?

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

சர்க்கார் உயர்நிலைப் பள்ளியை எடை போட வேண்டுமானால் நேரே போய்க் கேளுங்கள்.

1. நாலு வருஷத்துக்கு முன் ஆறாவதில் இருந்தவர்களில் பத்தாவது எழுதியது எத்தனை பேர்? டி.சி. வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்களைக் கழித்துவிடுங்கள். மீதி எங்கே?

2. கணக்கு, சயன்ஸ், இங்கிலீஷுக்கு நிரந்தர வாத்தியார் உண்டா? எத்தனை மாதமாக இடம் காலி?

3. எட்டாவது பிள்ளை கையில் இந்த மாலைப் பத்திரிகையைக் கொடுத்தால் தடுமாறாமல் படிக்குமா?

4. பெண் பிள்ளைகளின் கக்கூசில் தண்ணீர் வருகிறதா? ஆஸ்டல் என்றால், ராத்திரி அங்கே தங்குவது யார்?

5. போன வருஷம் தேறியவர்கள் இன்றைக்கு எங்கே? பிளஸ் ஒன்னா, ஐ.டி.ஐ.யா, தோட்ட வேலையா?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லுகிற பள்ளி, 80 சதவீதம் வாங்கினாலும் நல்ல பள்ளி. பதில் சொல்லத் தயங்கும் பள்ளி, 100 வாங்கினாலும் யோசிக்க வேண்டிய பள்ளி.

யாரிடம் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வர அல்ல அந்தக் குழு. கேள்வி கேட்கத்தான்.

கள்ளக்குறிச்சி 26-11-2019 அன்று தனி மாவட்டமானது. கல்வி அதிகாரியைப் பார்க்க விழுப்புரத்துக்கு ஓட வேண்டிய காலம் போய்விட்டது. மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருகின்றன. அதற்குக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் நம்பர் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று கம்ப்யூட்டரில் பார்க்க அதிக நேரம் ஆகாது. எனவே அதிகாரிகளுக்கு ஒரே ஒரு கோரிக்கை. மே மாதம் ரிசல்ட் போர்டு வைக்கும்போது "தேறியவர்கள் இத்தனை பேர்" என்பதற்கு மேலே, "ஆறாவதில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர்" என்றும் ஒரு வரி எழுதுங்கள். கூடுதலாக ஒரு சாக்பீஸ்தான் செலவு.

ஒரு பவுன் நகை காணாமல் போனால் போலீசில் புகார் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது பிள்ளைகள் காணாமல் போனால் யார் புகார் கொடுப்பது?