சீனி உருண்டையை நம்பி தைரொக்சின் குளிசையை நிறுத்தாதீர்கள்



தைரொயிட் குறைபாட்டுக்கு வாழ்நாள் முழுக்கக் குளிசை தேவையில்லையாம், ஹோமியோபதியில் வேரோடு போகுமாம். இப்படியான வொய்ஸ் மெசேஜ்கள் நம்மூர் வட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகின்றன. பகிர்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். அதற்காக நாம் வாய்மூடி இருக்க முடியாது.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி போதிய தைரொக்சின் சுரக்காததுதான் இந்த நோய். குறைகிறதைக் கொடுப்பதே வைத்தியம். 1891 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற டொக்டர் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியால் ஏற்றினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 வருடங்கள் வாழ்ந்தார். இன்று அந்த ஹோர்மோன் குளிசையாக நமது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஹோமியோபதியில் 30 சி என்றால் என்ன? நூறில் ஒரு பங்காக 30 தடவை ஐதாக்கியது. 12 தடவை தாண்டினாலே மூலமருந்தில் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் அரிது. ஓ.எல். விஞ்ஞானத்தில் அவகாதரோ எண்ணைப் படித்த நம் பிள்ளைகளே இதைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். மிஞ்சுவது சீனிதான்.

"அவருக்குச் சுகமாச்சே" என்பீர்கள். தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். குளிசையை நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களின் நற்பெயர் சீனி உருண்டைக்குப் போகிறது. பிறகுதான் களைப்பு, குளிர், வீக்கம், மறதி எல்லாம் மெல்ல வரும். பிள்ளை பெற்றபின் வரும் குறைபாடு சிலருக்குத் தானாகவும் மாறும். அதையும் உருண்டையின் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

நமது பெரிய கவலை கர்ப்பிணித் தாய்மார். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சினே வேண்டும். அது குறைந்தால் கரு கலையலாம், பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். வகுப்பில் அந்தப் பிள்ளையை எந்த டியூஷனாலும் ஈடுசெய்ய முடியாது.

ஹோமியோபதிக்கு நாட்டில் சட்டம் இருக்கிறது, வைத்தியர்களுக்குப் பதிவும் இருக்கிறது. ஆனால் பதிவு என்பது மருந்து வேலை செய்யும் என்பதற்குச் சான்றல்ல.

சகோதரிகளே, நோன்பு காலத்தில் குளிசையை எப்போது போடுவதென்று கிளினிக்கில் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தருவார்கள். நிறுத்தச் சொல்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டி.எஸ்.எச். கூடினால் பொறுப்பு யார்?"

உடம்பு அமானத். வொய்ஸ் மெசேஜை நம்பி அதை ஒப்படைக்க வேண்டாம்.